பக்கத்து அறையில் கேட்டது

ஓர் அறைக்குள் போய்க் கண்ணை மூடிக்கொண்டு அரை நிமிடம் நின்றால் போதும், அங்கே ஏசி சத்தம் எங்கிருந்து கிளம்புகிறது என்று சொல்லிவிடுவேன். பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகவும்தான் சொல்கிறேன். ஃபேன் ஆடுகிறதா, காற்று இடுக்கில் மாட்டிக்கொண்டு சீறுகிறதா, தகரம் அதிர்கிறதா, எவனோ ஒரு புண்ணியவான் ஸ்குரூவைப் பாதி முறுக்கிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டானா, எல்லாம் காதுக்கே தெரிந்துவிடும். சத்தத்தை அளக்கிற மீட்டரை வெளியே எடுப்பது வேலை கொடுத்தவர்களின் திருப்திக்கு. ஏசி இரைச்சலை அடக்குகிற எங்கள் தொழிலில் என்னைக் காதக்கா என்பார்கள். காற்று போகிற தகரக் குழாய்களை, அதாவது டக்டுகளைச் செய்கிற என் தம்பிக்குத் தகரம் என்றே பெயர் நிலைத்துவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயர்கள் அடையாள அட்டையில் நிம்மதியாகத் தூங்குகின்றன.

நாலாவது மாடியில் இருந்த சமரச அலுவலகத்துக்கு எங்களைக் கூப்பிட்டது ஒரு வக்கீலம்மா. கோர்ட்டில் வாதாடுவதை விட்டுவிட்டு, பிரிய நினைக்கிறவர்களுக்கும் பாகம் கேட்கிறவர்களுக்கும் நடுவில் பேசி முடித்துவைக்கிற வேலைக்கு வந்தவர். ஒரு கட்சியை முதல் அறையிலும் இன்னொரு கட்சியை இரண்டாம் அறையிலும் உட்காரவைத்துவிட்டு, இவர் நடுவில் நடையாய் நடப்பார். ஓர் அறையில் சொன்னதை, சொன்னவர் சம்மதித்தால் மட்டுமே அடுத்த அறைக்குக் கொண்டுபோவார். மற்றதெல்லாம் அவர் வயிற்றுக்குள்ளேயே கிடக்கும். அந்த நம்பிக்கை போனால் அலுவலகத்தை இழுத்துப் பூட்ட வேண்டியதுதான்.

"இந்த ஏசி போடற இரைச்சல்ல பாதி பேர் பேசறது எனக்குக் கேக்கறதே இல்ல. கொஞ்சம் சத்தமா சொல்லுங்கன்னா கத்தறாங்க. கத்த ஆரம்பிச்சதும் கோபம் வந்துடுது. அப்புறம் எங்கேருந்து சமரசம்?" என்றார் முதல் நாள்.

"ஒரு வாரம் குடுங்க. குண்டூசி விழுந்தா கேக்கும்" என்றேன்.

"குண்டூசி எனக்கு எதுக்கும்மா? மனுஷங்க பேசறது கேட்டா போதும்."

சொன்னபடி செய்தோம். நடைபாதைக் கூரைக்கு மேலே இருந்த ஃபேன் பெட்டியை முன்பு வேலை செய்தவர்கள் கான்கிரீட்டோடு சேர்த்து இறுக்கியிருந்தார்கள். அது ஆடும்போதெல்லாம் கூரையே முனகியது. கழற்றி ஸ்பிரிங்கில் தொங்கவிட்டோம். பெட்டியும் டக்டும் சேர்கிற இடத்தில் தகரத்தை வெட்டி எடுத்துவிட்டு, அதிர்வு தாண்டாதபடி கான்வாஸ் துணி வைத்தோம். குளிர்ந்த காற்று வருகிற டக்டுக்கு உள்ளே பஞ்சு ஒட்டினோம். காற்று இறங்குகிற வாயைப் பெரிதாக்கி, ஃபேன் வேகத்தை மூன்றிலிருந்து ஒன்றுக்குக் குறைத்தோம். நாற்பத்தெட்டு டெசிபல் இருந்த அறை இருபத்தாறுக்கு வந்தது. தகரம் ஏணியிலிருந்து இறங்கி, "அக்கா, எனக்கு என் வயிறு பேசறது கேக்குது" என்றான். அந்தக் கட்டடத்தில் இன்னும் எட்டு மாடிகள் இருந்தன. இந்த மாடி சரியாக இருக்கிறது என்று வக்கீலம்மா எழுதிக் கொடுத்தால் அந்த எட்டும் எங்களுக்குத்தான் என்று கட்டட மேலாளர் வாக்குக் கொடுத்திருந்தார்.

வேலை முடித்த மூன்றாம் நாள், கையெழுத்து வாங்கப் போனேன். மதியம் இரண்டு மணி. வரவேற்பில் உட்கார்ந்திருந்த பெரியவர், அங்கே கோப்பும் டீயும் அவர் பொறுப்பு, முதல் அறையைக் காட்டி விரலை உதட்டில் வைத்தார்.

"உள்ள ஆள் இருக்கு. ரெண்டாம் அறை காலிதான். அங்க உக்கார்றவர் சாப்பிடப் போயிருக்கார், மூணு மணிக்குத்தான் வருவார். நீங்க அளக்கறதுன்னா அளந்துக்கோங்க."

இரண்டாம் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, தண்ணீர் ஜாடி, ஒரு பெட்டி டிஷ்யூ காகிதம். மீட்டரை மேஜை மேல் வைத்தேன். இருபத்தாறு. எனக்கு நானே ஒரு சபாஷ் போட்டுக்கொண்டு, சுவரோரமாக இருந்த நாற்காலியில் சாய்ந்தேன். அப்போது என் தலைக்கு மேலே ஒரு பெண் பேசினாள்.

"உங்ககிட்ட மட்டும்தானே சொன்னேன்?"

தூக்கிவாரிப் போட்டது. நிமிர்ந்து பார்த்தேன். கூரையில், காற்று திரும்பிப் போகிற ஓட்டைக்கு மூடியான கிரில்தான் இருந்தது.

"என்கிட்ட மட்டும்தாம்மா சொன்னீங்க" என்றது வக்கீலம்மாவின் குரல். பக்கத்திலேயே உட்கார்ந்து பேசுவது போலத் தெளிவாக இருந்தது.

"புள்ளைங்க ரெண்டு பேரும் என்கூட இருந்தா போதும், வேற வழியே இல்லன்னா வீட்டக்கூட விட்டுத் தரேன், ஆனா இத அவர்கிட்ட சொல்லிடாதீங்கன்னு நேத்து மூணு மணிக்குச் சொன்னேன். நான் கீழ போயிட்டு வர்றதுக்குள்ள, நாலு மணிக்கு அவர், புள்ளைங்கள அவளே வச்சுக்கட்டும், வீட்ட மட்டும் எழுதிக் குடுக்கட்டும்னுட்டார். அதுவரைக்கும் புள்ளைங்க எனக்குத்தான்னு குதிச்ச மனுஷன். எப்படி?"

"எனக்கும் அதான் புரியல. நீங்க பேசிட்டு இருந்தப்போ உள்ள வந்தது நம்ம பெரியவர் மட்டும்தான், டீ வைக்க. பன்னெண்டு வருஷமா என்கூட இருக்கார். அவர் மேல சந்தேகப்படறதுக்கே எனக்குக் கூசுது. ஆனா வேற யாரு?"

"யாரா இருந்தா என்ன? நாலு மணிக்குக் கையெழுத்து போட்டுடறேன். முன்னறைல மிஷின் போட்டுத் தைக்கறேன், அந்த வாசல் தெரிஞ்சுதான் எல்லாரும் துணி கொண்டு வராங்க. போகட்டும். வேற எங்கயாவது போட்டுக்கறேன். புள்ளைங்க வந்தா சரி."

நேற்று அந்தக் கணவன் நான் உட்கார்ந்திருந்த அதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்க வேண்டும். இரண்டு அறைகளின் கிரில்களையும் ஒரே நேரான டக்ட்தான் இணைத்தது. நீளம் என் இரண்டு கை விரிப்புக்கு மேல் இருக்காது. அதற்குள் பஞ்சு கிடையாது. திரும்பிப் போகிற காற்று மெதுவாகத்தானே போகிறது, அதில் என்ன சத்தம் இருக்கப்போகிறது என்று நான்தான் தகரத்திடம் வேண்டாம் என்றேன். இவ்வளவு நாளும் அந்தக் குழாய் வழியாகப் பேச்சு போய்க்கொண்டுதான் இருந்திருக்கிறது. ஏசி இரைச்சல் அதை மூடிவைத்திருந்தது. நான் அந்த இரைச்சலை எடுத்துவிட்டேன்.

எங்கள் தொழிலில் எப்போதும் ஆள் இல்லாத அறையில்தான் அளப்போம். யாராவது உள்ளே இருந்தால் வெளியே அனுப்பிவிட்டு அளப்போம். மனிதர்கள் பேசுவது எங்களுக்குக் கணக்கைக் கெடுக்கிற தொந்தரவு. மனிதர்கள் பேசுவதற்கென்றே கட்டிய இடத்தில் ஒருவரைக்கூடப் பேசச் சொல்லிக் கேட்டுப் பார்க்கவில்லை. காதக்காவாம், காது! என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

நடைபாதைக்கு வந்து போனில் தகரத்தைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன்.

"அக்கா, ஃபேன மறுபடியும் மூணுல வச்சுடு" என்றான் உடனே. "பேச்சு கேக்காது. நாளைக்கு வந்து சத்தமில்லாம ஒரு வளைவு மாட்டிடறேன். காதும் காதும் வச்ச மாதிரி முடிஞ்சிடும்."

"அந்தப் பொண்ணு நாலு மணிக்கு வீட்ட எழுதிக் குடுக்கப் போகுதுடா."

"அது அவங்க குடும்ப விஷயம்க்கா. நாம எதுக்கு?"

ஃபேன் வேகத்தை மாற்றுகிற திருகு இரண்டாம் அறைக் கதவோரச் சுவரில் இருந்தது. மூன்றுக்குத் திருப்பினேன். உஸ்ஸென்று காற்று இறங்கியது. நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன், முதல் அறை காணாமல் போயிருந்தது. தம்பி சொன்னது சரி. இப்படியே விட்டுவிட்டு, கையெழுத்தை வாங்கிக்கொண்டு, எட்டு மாடியையும் தலையில் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போகலாம். நான் யோசிக்காமல் இருந்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன். கொஞ்ச நேரம் அந்தத் திருகில் கை வைத்துக்கொண்டே நின்றேன். வெளியே அந்தப் பெரியவர் கப்புகளைக் கழுவுகிற சத்தம் கேட்டது. எனக்கு வெட்கமாக இருந்தது. திருகை ஒன்றுக்குக் கொண்டுவந்துவிட்டுப் போய் முதல் அறைக் கதவைத் தட்டினேன்.

வக்கீலம்மா கதவைத் திறந்து, முகத்தைச் சுளித்தார். அவருக்குப் பின்னால், கழுத்தில் அளவு நாடா போட்ட ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். வேலையை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறாள் போல, நாடாவைக் கழற்றக்கூட மறந்திருந்தாள்.

"ஒரு நிமிஷம் ரெண்டாம் அறைக்குப் போய் அந்தச் சுவரோர நாற்காலில உக்காருங்க" என்றேன் வக்கீலம்மாவிடம்.

"இப்பவா? உள்ள கட்சிக்காரர் இருக்காங்கம்மா."

"அவங்களுக்காகத்தான் சொல்றேன்."

என் முகத்தில் என்ன பார்த்தாரோ, போனார். கதவு சாத்துகிற சத்தம் கேட்டதும், நான் கிரிலுக்குக் கீழே நின்று, தூங்குகிற குழந்தைக்குப் பக்கத்தில் பேசுகிற அளவுக்குக் குரலைத் தாழ்த்திச் சொன்னேன்.

"உங்க பெரியவர் மேல பழி போடாதீங்க. அவர் யார்கிட்டயும் சொல்லல. இந்தக் குழாய்தான் சொல்லியிருக்கு. தப்பு என்னோடது."

வக்கீலம்மா திரும்பி வரும்போது அவர் முகம் வெளுத்திருந்தது.

"ஒரு வார்த்தை விடாம கேட்டுது" என்றார். பிறகு கோபம் வந்தது, வர வேண்டியதுதான். "இங்க வர்றவங்ககிட்ட நான் குடுக்கற ஒரே வாக்கு அதுதாம்மா. அதையே ஓட்டை போட்டுட்டீங்களே. உங்க காகிதத்துல நான் கையெழுத்து போட மாட்டேன்."

"போடாதீங்க. இன்னும் ஒரு மணி நேரத்துல இந்தக் குழாய அடைக்கறேன். இனிமே ஒரு பேச்சு தாண்டாது. அது என் பொறுப்பு."

"இனிமே சரி. நேத்து கேட்டத? அத அவர் காதுலேருந்து எடுக்க முடியுமா உங்களால?"

போனை எடுத்து, வளைவோடு உடனே வா என்று தகரத்திடம் சொன்னேன்.

கிரிலையே பார்த்துக்கொண்டிருந்த தையல்காரப் பெண், "எவ்வளவு நேரம் கேட்டிருப்பார்?" என்றாள்.

"நீங்க பேசின நேரம் பூரா."

"ஒரு மணி நேரமா? எழுந்து போகாம?" அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சந்தோஷச் சிரிப்பு இல்லை. "பதினாலு வருஷத்துல நான் பேசினத அவர் அஞ்சு நிமிஷம் சேர்ந்தாப்ல கேட்டதில்ல."

மூன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது தகரம் ஏணியோடும், வேறோர் இடத்துக்குச் செய்துவைத்திருந்த வளைவான டக்டோடும் மூச்சு வாங்க வந்து சேர்ந்தான். உள்ளே கனமாகப் பஞ்சு ஒட்டிய வளைவு. காற்று வளைந்து போய்விடும், பேச்சு பஞ்சிலேயே செத்துவிடும். வாயில் என்ன பேசினாலும் வேலையில் அவனைக் குறை சொல்ல முடியாது. ஏணியை விரித்தான்.

"இருங்க" என்றாள் தையல்காரப் பெண். "இப்ப அடைக்காதீங்க. நான் அவர்கிட்ட கொஞ்சம் பேசணும்."

"நேராவே பேசலாமே, நான் கூட இருக்கேன்" என்றார் வக்கீலம்மா.

"நேரா பேசினா அவர் கேக்க மாட்டார்ம்மா. இது வழியா சொன்னா கேக்கறார்னு தெரிஞ்சுபோச்சே."

வக்கீலம்மா கிரிலை நிமிர்ந்து பார்த்தார். "சரி. ஆனா கேக்கும்னு அவருக்கும் தெரியணும். இந்த இடத்துல ஒளிஞ்சு ஒண்ணும் நடக்கக் கூடாது."

கணவன் வந்தபோது முன்கூடத்திலேயே நிறுத்திச் சொன்னார். நானும் தகரமும் ஏணியைப் பிடித்துக்கொண்டு அங்கேதான் நின்றோம். நல்ல உயரமான ஆள், சரக்கு லாரி ஓட்டுகிறவர், இஸ்திரி போட்ட சட்டை. கேட்கக் கேட்க அவர் காது மடல் சிவந்தது.

"நானா போய்க் கேக்கல மேடம். காதுல விழுந்துது."

"விழுந்தத எடுத்துப் பயன்படுத்தினது நீங்கதானே?" என்றார் வக்கீலம்மா. "அதனால நேத்து பேசினது எதுவும் செல்லாது. உங்க மனைவி இப்ப பேசப் போறாங்க. அங்க உக்காந்தா உங்களுக்குக் கேக்கும். இஷ்டம் இருந்தா உக்காருங்க. இல்லன்னா வேற நாள் வாங்க."

அவர் கீழே இறங்கிப் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். படிக்கட்டை ஒருமுறை பார்த்தார். பிறகு இரண்டாம் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

நான் முதல் அறைக்குள் போய் என் பையை எடுத்துக்கொண்டு வெளியே போகக் கிளம்பினேன். தையல்காரப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க இருங்க. எங்க உக்காந்தா நல்லா கேக்கும்?"

அது எனக்குத் தெரிந்த விஷயம். நாற்காலியைக் கிரிலுக்கு நேர் கீழே இழுத்துப் போட்டேன். "இங்க. கத்த வேணாம். சாதாரணமா பேசுங்க, அது போதும்."

அவள் உட்கார்ந்து, அளவு நாடாவை விரலில் சுற்றிக்கொண்டு ஆரம்பித்தாள்.

"நான்தான். உங்களுக்குக் கேக்குதுன்னு இவங்க சொல்றாங்க. நேத்து வீட்ட விட்டுத் தரேன்னேன். வீடு வேணாம்னு சொல்லல. புள்ளைங்கள வச்சு பேரம் பேசிடுவீங்களோன்னு பயந்து சொன்னேன். ஒருத்தி பயந்து சொன்னத ஒட்டுக் கேட்டு, அதையே கெட்டியா புடிச்சுக்கிட்டீங்க. லாரில ஏத்தின சரக்குல ஒரு பெட்டி குறையக் கூடாதுன்னு ராத்திரியெல்லாம் முழிச்சிருப்பீங்க. அந்த மனுஷனா இதச் செஞ்சாருன்னு எனக்கு நம்பவே முடியல."

நிறுத்தினாள். மேலிருந்து ஒரு சத்தமும் இல்லை. மூச்சை இழுத்து விட்டுக்கொண்டு தொடர்ந்தாள்.

"மிஷின் எங்க கிடக்குதுன்னு தெரியும்ல? முன்னறை ஜன்னலுக்கு நேரா. அந்த வெளிச்சம் இருந்தாத்தான் கருப்புத் துணில கருப்பு நூல் தெரியும். பெரியவன் அந்த ஜன்னல் கட்டைலதான் உக்காந்து படிக்கறான். சின்னவ என் காலடில பட்டன் பொறுக்கறா. நீங்க மாசத்துல இருபது நாள் ரோட்டுல இருக்கீங்க. உங்களுக்கு வீடுன்னா பத்திரம். எனக்கு வீடுன்னா அந்த ஜன்னல். அந்த வீடு எனக்கு வேணும். புள்ளைங்களும் என்கூட வேணும். லீவு கிடைக்கறப்போ நீங்க வாங்க, கூட்டிட்டுப் போங்க, நான் ஒரு நாளும் தடுக்க மாட்டேன். அவங்களுக்கு உங்கள ரொம்பப் புடிக்கும். ஆனா இதுல எதையும் இனிமே விட்டுத் தர மாட்டேன். பயந்துகூட விட்டுத் தர மாட்டேன். அவ்வளவுதான் நான் சொல்ல வந்தது."

எத்தனையோ அமைதியான அறைகளைச் செய்து கொடுத்திருக்கிறேன். அந்த அறையில் அப்போது இருந்த அமைதி நான் செய்ததில்லை. அவள் நாடாவை அவிழ்த்து, மறுபடியும் சுற்றினாள்.

வக்கீலம்மா இரண்டாம் அறைக்குப் போனார். நானும் அவளும் வெளியே வந்து, அங்கே என்ன பேசுகிறார்கள் என்று கேட்காத தூரத்தில் நின்றோம். அதையாவது அன்றைக்குச் சரியாகச் செய்தேன். கால் மணி நேரம் கழித்து வக்கீலம்மா வந்தார்.

"வீடு உங்களுக்கு. புள்ளைங்களும் உங்ககூட. லீவுல வந்து கூட்டிட்டுப் போறேங்கறார். ஒரு வாரம் யோசிச்சுட்டுக் கையெழுத்து போடுங்கன்னு நானே சொல்லிப் பாத்தேன். வேணாம், இன்னைக்கே போட்டுடறேங்கறார்."

தையல்காரப் பெண் அளவு நாடாவைக் கழற்றி மடித்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. தகரம் என்னைப் பார்த்துவிட்டு, ஏணியில் இல்லாத கறையைத் துடைக்க ஆரம்பித்தான்.

காகிதங்கள் தயாராகும் நேரத்தில் நாங்கள் வளைவை மாட்டினோம். மாட்டிவிட்டு, தகரத்தை இரண்டாம் அறையில் உட்காரவைத்து, முதல் அறையிலிருந்து அவனை வாய்க்கு வந்தபடி திட்டினேன். "என்னக்கா சொன்ன?" என்று வந்து கேட்டான். திருப்தியாக இருந்தது. இருந்தாலும் ஃபேனை ஒன்றிலிருந்து ஒன்றரைக்கு ஏற்றி, முப்பத்திரண்டு டெசிபலில் ஒரு மெல்லிய காற்றுச் சத்தத்தை விட்டுவைத்தேன். சத்தத்தை எடுத்துத்தான் எனக்குப் பழக்கம். நானே ஒன்றைக் கொண்டுபோய் வைத்தது அன்றைக்குத்தான். அடைத்த பிறகும் கசிகிற முணுமுணுப்பை மூட முப்பத்திரண்டு தேவை என்று எனக்குத் தோன்றியது, வைத்தேன், அது சரியாகவும் இருந்தது. வக்கீலம்மா பெரியவரிடம் போய் மன்னிப்புக் கேட்டார். எதற்கென்று அவருக்குக் கடைசிவரை புரியவில்லை; டீதான் ஆறிப்போய்விட்டது போல என்று நினைத்துக்கொண்டு வேறு டீ போட்டுக் கொண்டுவந்தார். என் காகிதத்தை வக்கீலம்மா கேட்டார். நான் கொடுக்கவில்லை. ஒரு வாரம் ஆட்களை உட்காரவைத்துப் பேசிப் பார்த்துவிட்டுப் போடுங்கள் என்று சொன்னேன்.

கணவன் கையெழுத்துப் போட்டுவிட்டு முதலில் கிளம்பிப் போனார். தையல்காரப் பெண் தன் பிரதியை மடித்துக்கொண்டே, நான் சாமான்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்த முதல் அறைக்கு வந்தாள்.

"அக்கா, அந்தக் குழாய் ஒரு பக்கமா இருந்தது நல்லதாப் போச்சு" என்றாள். "அவர் அங்கேருந்து குறுக்க என்ன சொல்லியிருந்தாலும் எனக்குக் கேட்டிருக்காதுல்ல? அந்தத் தைரியத்துலதான் முழுசா பேசி முடிச்சேன்."

"இல்லம்மா, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் வரும்" என்றேன். "அவர் முணுமுணுத்திருந்தாக்கூட உங்களுக்குக் கேட்டிருக்கும்."

மடித்துக்கொண்டிருந்த கை நின்றது. மேலே பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"அப்போ, நான் பேசி முடிக்கற வரைக்கும் அவர் ஒண்ணுமே சொல்லலையா?"

"ஒண்ணுமே சொல்லல."

அவள் மெதுவாக அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். ஏணியை எடுக்க உள்ளே வந்த தம்பியை, கொஞ்ச நேரம் வெளியே இரு என்று கையைக் காட்டி நிறுத்தினேன்.